வெளிநாட்டுக் கால்

ஊரில் அந்தப் பெரிய அரசாங்கம் கவிழ்ந்த அன்று நான் இங்கே கனடாவில் அஜக்ஸ் நகருக்குப் போகிற வழியில் இருந்தேன். சனம் மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதிக்கிறது, சனாதிபதி தப்பி ஓடிவிட்டார் என்று விடிந்ததிலிருந்து ஒரே அமளி. காரில் தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. நேயர்கள் ஒருவர் மாறி ஒருவர் தொலைபேசியில் வந்து தங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள். ஓர் அன்ரி அழுதார். இன்னொருவர் தன் கடைக்கு வந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு குரல் வந்தது. அவசரமில்லாத, மூக்கால் கொஞ்சம் வருகிற குரல்.

“தம்பி, சந்தோஷப்படுறவை படுங்கோ. நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். ஆர் பின்னால?”

என் கண் தானாகப் பின்கண்ணாடிக்குப் போனது. கால் பிறேக்கில் போய் நின்றது. 401 நெடுஞ்சாலையில் அப்படி நிற்கலாமா? பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்து, என் பரம்பரை முழுவதையும் திட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். நான் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டப் பழக்கிய மனிதர் வானொலியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“சனம் தெரிவு செய்த அரசாங்கம். அதைச் சனமே கலைச்சதாம். உதை ஆர் நம்புறது? வெளிநாட்டுக் கை இல்லாமல் உது நடக்காது தம்பி” என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

அந்த நாட்களில் ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் அவரிடம் கார் ஓடப் பழகாத தமிழ்ப் பெண்கள் குறைவு. கலியாணம் முடித்து வந்து இறங்கியதும், குளிர் உடுப்பு வாங்குவதற்கு முன்னரே, யாராவது அவருடைய தொலைபேசி எண்ணைத் தந்துவிடுவார்கள். கூரையில் சாரதிப் பயிற்சிப் பலகை வைத்த சாம்பல் நிறக் கார். மற்றக் கார்களில் இல்லாத இரண்டு சாமான் அதில் இருந்தன. ஒன்று, அவர் இருக்கும் பக்கத்தில் அவருடைய காலுக்குக் கீழே ஒரு பிறேக். மற்றது, முன்கண்ணாடியில் அவருக்கென்று ஒட்டிய சின்னக் கண்ணாடி. அதில் பின்னால் வருகிறவன் தெரிவான். நாங்கள் பார்ப்பதை அவர் நம்பமாட்டார், தானும் பார்க்க வேண்டும்.

“ஆர் பின்னால?” இதுதான் அவருடைய பாடம். வளைவில் திரும்ப முதல் கேட்பார், தடம் மாற முதல் கேட்பார், நிற்பாட்ட முதல் கேட்பார். பதில் சொல்லாமல் ஸ்ரியறிங்கைத் தொட முடியாது. “வெள்ளை வான் அண்ணை, ஒரு பொம்பிளை, போனில கதைச்சுக்கொண்டு வாறா” என்று சொல்ல வேண்டும். ஒருத்தரும் இல்லை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

“ஒருத்தரும் இல்லாத றோட் உலகத்தில இல்லை தங்கச்சி. வடிவாப் பாருங்கோ.”

சும்மா சொல்லக்கூடாது, அவரைப்போல் பழக்கியவர் வேறு யாரும் இல்லை. பனிக்காலத்தில் இந்தச் சாலைகளில் நான் இன்றைக்கும் உயிரோடு ஓடித் திரிகிறேன் என்றால் அந்தக் கேள்விதான் காரணம். அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் அந்தக் கேள்வியை அவர் றோட்டோடு நிற்பாட்டவில்லை. கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டார், வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டு வருவார். “கடைக்காரனுக்கு என்னைத் தெரியும்” என்பார். தெரிந்தால் நல்லதுதானே என்று கேட்டால், “அதுதான் சொல்லுறன்” என்று முடித்துவிடுவார். கலியாண மண்டபத்தில் சுவரோடு முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்து இருப்பார். தெரிந்தவர் யாராவது கொஞ்சம் பலமாகச் சிரித்து வணக்கம் சொன்னால், அந்த ஆள் போன பிறகு, “உவர் ஏன் இண்டைக்குச் சிரிக்கிறார்?” என்று கேட்பார். ஒரு தீபாவளிக்கு நான் அவருக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். பையைத் திறந்து பார்த்தார், மூடினார், “என்ன விசேஷம்?” என்றார். தீபாவளி என்றேன். அடுத்த வகுப்பில், “முறுக்கு நல்லாத்தான் இருந்தது தங்கச்சி. முதல்ல மனிசிக்குக் குடுத்துப் பாத்தனான்” என்றார். அந்த மனிசியை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. நான் கண்டபடி சிரித்தும்விட்டேன்.

காரின் முன்பக்கத்தில் அவருடைய கைத்தொலைபேசி நிற்க வைத்திருக்கும். நான் முதலில் அது வழிகாட்டுகிற படம் என்று நினைத்தேன். பார்த்தால் ஒரு கேற். பச்சைப் பெயின்ற் அடித்த பெரிய இரும்புக் கேற், அதன் இரண்டு பக்கமும் இரும்பில் இரண்டு மயில், ஒன்றுக்குக் கொண்டை உடைந்து போயிருந்தது. இங்கேயிருந்து போய் ஊரில் அவர் கட்டிவிட்டு வந்த வீட்டு வாசல் அது, எந்த ஊர் என்று மட்டும் சொல்லமாட்டார். வீட்டில் ஒருவரும் இல்லை. வாசலில் கமரா பூட்டி, ஸ்காபரோவில் மோர்னிங்சைட்டில் இருந்துகொண்டு அதைப் பார்ப்பார். நாங்கள் பின்னால் பார்க்க வேண்டும், அவர் ஊரைப் பார்க்க வேண்டும்.

“நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!” என்று ஒரு நாள் கத்தினார். நான் பதறி ஓரம் கட்டினேன். கேற்றடியில் ஓர் ஆடு நின்றது. “உது ஆற்ற ஆடு?” என்று என்னைக் கேட்டார்.

“அண்ணை, ஆடு அண்ணை. குழை தின்ன வந்திருக்கு.”

“குழை றோட்டு முழுக்க இருக்கு. ஏன் என்ர கேற்றடிக்கு வருது?”

ஆடு போகும்வரை நாங்கள் ஒரு பாடசாலைக்குப் பக்கத்தில் நின்றோம்.

நான் பழகத் தொடங்கிய புதிதில் எனக்கு ஒரு பெருமை. சிவப்பு விளக்கில் கார் குலுங்காமல், பூப்போல வந்து நிற்கும். “நான் நல்லா நிப்பாட்டுறன் என்ன அண்ணை?” என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். குனிந்து தன் சப்பாத்தைக் காட்டினார்.

“நிப்பாட்டினது நான்.”

எனக்கு முகம் சுருங்கிப் போனது. இத்தனை நாளும் நான் ஓடியதாக நினைத்தது எவ்வளவு, அவர் ஓடியது எவ்வளவு என்று தெரியாமல் அன்றைய வகுப்பு முழுக்கக் குழம்பினேன். அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அரசியல் சொன்னார்.

“தெரிவு செய்த அரசாங்கம் எண்டுறதும் உதுதான் தங்கச்சி. ஸ்ரியறிங் அவன்ர கையில. லைசென்ஸ் அவன்ர பேரில. சனம் கை தட்டுது, அவனும் தான் ஓடுறதா நினைக்கிறான். பிறேக் வெளிநாட்டுக்காரன்ர காலுக்குக் கீழ. வேண்டாம் எண்டால் ஒரு அமத்து. சனம் கலைச்சுப்போட்டுது எண்டு பேப்பரில வரும்.”

அதற்குப் பிறகு மோர்னிங்சைட்டிலிருந்து லோறன்ஸ் வரைக்கும் ஒரு நாடு, அங்கிருந்து திரும்பி வர ஒரு நாடு என்று உலகத்தில் கவிழ்ந்த அரசாங்கம் எல்லாம் எனக்குப் பாடமானது. எந்தத் தூதரகம், எந்தக் கப்பல், எந்த வங்கி என்று நேரில் நின்றவர்போல் சொல்வார். எனக்கு வாய் சும்மா கிடக்காது. “அண்ணை, வெளிநாட்டுக்காரனுக்கு வேற வேலையே இல்லையோ?” என்பேன்.

“அவனுக்கு உதுதான் வேலை.”

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா எங்கள் ஊர்ப் பிரதேச சபையின் தவிசாளர், சபைத் தலைவி. சனம் வாக்குப் போட்டு வந்த சின்ன அரசாங்கம் அது. தெருவிளக்கு, குப்பை, வாய்க்கால், ஒழுங்கை எல்லாம் அதன் கையில். அந்தக் கதிரையில் ஒரு பெண் இருந்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தரம். ஒரு வாக்கு வித்தியாசத்தில் அக்காவின் ஆட்சி நின்றது. முதல் வகுப்பிலேயே அவர் என்னிடம் எந்த ஊர், யாருடைய மகள் என்று கேட்டு, “அப்ப தவிசாளர் உங்கட அக்காவோ?” என்று ஒரு புருவத்தைத் தூக்கியிருந்தார். அன்று முதல் என்னோடு மரியாதை கொஞ்சம் கூட. நான் அதை அக்காவின் பதவிக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன்.

தேர்தலில் நின்றபோது அக்கா ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். ஊரின் பின்பக்கத்தில் ஓர் ஒழுங்கை, ஒடுக்கமான பாதை, இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் மதில் கட்டும்போது அதில் பாதியை விழுங்கிவிட்டார். உள்ளே இருக்கிற சனத்துக்கு ஓட்டோ வராது, தண்ணீர் பவுசர் வண்டி வராது. வருத்தக்காரரைக் கதிரையில் இருத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வர வேண்டும். அந்த ஒழுங்கையைத் திறந்து தருவேன் என்றாள் அக்கா. அவளுடைய முதல் பாதீட்டிலேயே, வரவு செலவுத் திட்டத்திலேயே, அந்த வேலையைப் போட்டாள். பாதீடு இரண்டு தரம் தோற்றால் தவிசாளரின் பதவி போய்விடும். அதுதான் அங்கே சட்டம்.

முதல் தரம் தோற்றது. அக்காவின் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வயிற்றுக்குத்து என்று சபைக்கு வரவில்லை. நான் கொதித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவர் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கமராவில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார். “உது உள்ளூர் வேலை இல்லை தங்கச்சி. வெளிநாட்டு வேலை.”

எனக்கு அந்தக் கொதிப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கட ஒழுங்கையைப் பிடிக்க அமெரிக்காக்காரன் வாறானோ அண்ணை?”

“அமெரிக்கா எண்டு நான் சொன்னனானே?” என்றார். பிறகு, வலப்பக்கம் திரும்பச் சொல்லி, நான் திரும்பி முடிந்ததும், மெல்லக் கேட்டார். “உங்கட மனிசன் இஞ்ச ஊர்ச் சங்கத்தில செயலாளர் எல்லோ? சும்மா கேக்கிறன்.”

அந்தச் ‘சும்மா’ என் வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது. என் கணவர், இவர், நிலக்கீழ் அறைக்குப் போய் யாரோடோ கதைப்பார். முன்பும் போனவர்தான். ஆனால் அன்று முதல் நான் படியில் நின்று காது கொடுத்தேன். ஊரில் சொந்தமாகக் காணி வைத்திருக்கிற சங்கத்துக்காரர் யார் யார் என்று கேட்டேன். சாப்பாட்டைக் கோப்பையில் போட்டுவிட்டு எதிரில் இருந்து இவருடைய முகத்தையே பார்த்தேன்.

“ஆரோட கதைச்சனீங்கள்?”

“தம்பியோட.”

“என்ன கதை?”

“அவன்ர கார் ஸ்ராட் வருதில்லையாம்.”

“அதுக்கு ஏன் கீழ போய்க் கதைக்க வேணும்?”

இவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். “நீ கார் ஓடப் பழகப் போனனியோ, சிஐடி வேலை பழகப் போனனியோ?” என்றார். கோபத்தில் அல்ல, களைத்துப்போய்ச் சொன்னார். அன்று இரவு இவர் சாப்பிடவில்லை. எனக்கு மனது குத்தியது, ஆனாலும் சந்தேகம் போகவில்லை. சொந்தப் புருஷனை அப்படிப் பார்த்த அந்த இரண்டு கிழமையும் எனக்கு நரகம்தான்.

இரண்டாம் தரம் வாக்கெடுப்பு நடக்கவிருந்த நாளுக்கு முந்திய மாலை வகுப்பு இருந்தது. இங்கே வேலை முடிந்த நேரம், ஊரில் அடுத்த நாள் பிறந்துவிட்டது, ஆனால் இன்னும் கோழி கூவியிருக்காது. கமராவில் அந்தக் கேற்றும் மயில்களும் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தன. அவர் ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்.

“உங்கட அக்காவுக்கு இண்டைக்குச் சரிவராது தங்கச்சி. மனசை ஆற விடுங்கோ.”

“வாக்கெடுப்பு இன்னும் நடக்கேல்லை அண்ணை.”

“ஓம் ஓம். நடக்கட்டும்” என்றார்.

எனக்கு அந்த ‘ஓம் ஓம்’ பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நித்திரை கொள்ளாமல் கிடந்தேன்.

காலையில் அக்கா தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான், விழுந்தால் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டுத்தான் நொந்ததா என்று பார்ப்பாள். “பதவி போட்டுதடி” என்றாள். அந்த உறுப்பினர் இந்தத் தரம் வந்தாராம். வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், எதிராகக் கையைத் தூக்கினாராம்.

“வெளிநாட்டுக்காரர்தான் கவிழ்த்ததெண்டு ஊரெல்லாம் கதை.”

“எந்த வெளிநாட்டுக்காரர்?”

“விசரே உனக்கு? வெளிநாட்டுக்காரர் எண்டால் நீங்கள்தானே!”

ஐயோ, நான் எவ்வளவு மொக்கு! ஊரில் அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவும் இல்லை, சீனாவும் இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். நானும் ஊரில் இருந்தபோது அப்படித்தான் சொன்னேன். ஸ்காபரோவில் கொஞ்ச வருஷம் இருந்ததும் அது வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன்.

“அந்த மனிசனுக்கு வயிற்றுக்குத்தும் இல்லை, ஒண்டும் இல்லை. கனடாவில இருந்து பேச்சுக்கால் வந்ததாம்” என்றாள் அக்கா.

பேச்சுக்கால் என்றால் கலியாணப் பேச்சு. அந்த உறுப்பினருக்கு ஒரு மகள். முன்பள்ளியில் படிப்பிக்கிற, நல்ல, கறுத்த, வடிவான பிள்ளை. வருகிற இடமெல்லாம் சீதனத்தில் குழம்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் வேண்டாம், பொம்பிளை மட்டும் போதும் என்று கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை. சாதகம் வாங்கிப் பார்த்து, நல்ல பொருத்தம் என்று பதிலும் வந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டது ஒரே ஒரு சின்ன உதவி.

“ஆர் மாப்பிள்ளை?”

“அந்த மதில்காரற்ற மகன். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு கட்டினது. பச்சைக் கேற். ரெண்டு மயில் நிக்கும், ஒண்டுக்குக் கொண்டை இல்லை.”

அந்த மயிலை நான் கிழமைக்கு இரண்டு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையை விழுங்கிய மதில் அந்தக் கமராவுக்குள் விழவில்லை, வாசல் மட்டும்தான் விழும். விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். அவள், “அந்த உறுப்பினரைத் திட்டாதையடி. பொம்பிளைப் பிள்ளையின்ர தேப்பன். நானெண்டாலும் ஒருக்கால் யோசிச்சிருப்பன்” என்றாள். அவளுடைய அந்த நல்ல மனதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது.

அன்று இவருக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன். இவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன விசேஷம்?” என்று கேட்டார். சந்தேகம் அந்த வீட்டில் மிச்சம் கிடந்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் வரப் பிந்தினார். டயர் மாற்றக் கொடுத்த காரை அவருடைய மகன் எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் கட்டடத்துக்கு முன்னால் தகப்பனுக்காகக் காத்து நின்றான். நல்ல முகவெட்டு, மரியாதையான பிள்ளை. என்னை அன்ரி என்றான். என்னைவிட ஐந்தாறு வயதுதான் குறைவாக இருக்கும், ஆனால் அதற்குக் கோபிக்க அன்று எனக்கு நேரமில்லை.

“கலியாணமாம் தம்பி, கேள்விப்பட்டனான்.”

அவன் முகமெல்லாம் மலர்ந்தது. “தாங்க்ஸ் அன்ரி. நெக்ஸ்ட் சமர்ல வெடிங்.”

“பொம்பிளை ஊரில என்ன?”

“ஊரிலயா? நோ நோ அன்ரி. அவ இஞ்சதான், மார்க்கம் சிட்டில. ஹைஸ்கூல்ல இருந்து வி நோ ஈச் அதர். ஏன், அப்பா என்ன சொன்னவர்?”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அந்தப் பொடியன் பாவம், அவனுடைய பெயரில் என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியாது. வாக்கெடுப்பு முடிந்து ஒரு கிழமையில் ஊருக்குத் தகவல் போய்விட்டதாம். சாதகம் பொருந்தவில்லையாம், வேறு சாத்திரியிடம் காட்டினார்களாம், செவ்வாய் தோஷமாம். கனடாவுக்கு என்று இங்கிலிஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்த அந்தப் பிள்ளை வகுப்பையும் விட்டு, முன்பள்ளிக்குப் போவதையும் விட்டு வீட்டோடு இருந்தது. எனக்கு அக்காவின் கதிரையைவிட அந்தப் பிள்ளையின் கதைதான் நெஞ்சில் நின்றது. கதிரை இன்னொரு தேர்தலில் வரும்.

கார் ஓட்டப் பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பு. முதல் பனி விழுந்து, வீதி ஓரமெல்லாம் வெள்ளை. நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். கமராவில் கேற்றும் மயில்களும் அசையாமல் நின்றன. ஓர் அமைதியான குறுக்கு வீதிக்குள் திரும்பினேன். அவர் வழக்கம்போல, “ஆர் பின்னால?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை” என்றேன். “அண்ணை, அந்தப் பேச்சுக்காலுக்குப் பின்னால ஆர்?”

கார் நின்றது. என் கால் அக்சிலேற்றரில் இருந்தது, கார் நின்றுவிட்டது. பெல்ற் என் நெஞ்சைப் பிடித்து இறுக்கியது. ஃபிளாஸ்க் உருண்டு விழுந்தது.

“நாய் ஒண்டு குறுக்கால போச்சு” என்றார்.

நான் முன்னால் பார்த்தேன். பனியில் ஒரு கால்தடம் இல்லை. என் கோபத்துக்கு அந்த இடத்திலேயே கதவைத் திறந்து இறங்கிப் போயிருக்க வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

“அந்த மதில் நான் விடிய விடிய ஃபக்டரியில நிண்டு கட்டினது” என்றார், என்னைப் பார்க்காமல். “எல்லாரும் என்ர கேற்றடியிலதான் வந்து நிக்கிறாங்கள். இண்டைக்கு ஒழுங்கை எண்டுவாங்கள். நாளைக்கு வளவு எண்டுவாங்கள்.”

“ஒழுங்கை ஊருக்குச் சொந்தம் அண்ணை. அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?”

அவர் குனிந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். அது உடையவில்லையா என்று ஆட்டிப் பார்த்தார்.

“வலப்பக்கச் சிக்னல் போடுங்கோ” என்றார்.

அடுத்த நாள் பரீட்சையில் பாஸ் பண்ணினேன். பரீட்சகர் என்னிடம், நீ கண்ணாடியை நன்றாகப் பார்க்கிறாய் என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. எங்கேயாவது சந்தியில் அந்தச் சாம்பல் கார் நிற்கும். உள்ளே ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். அக்கா திரும்பத் தேர்தலில் நிற்கவில்லை. மதில் இன்றைக்கும் நிற்கிறது. போன மாதமும் ஒரு கிழவரைக் கதிரையில் தூக்கிக்கொண்டு வந்ததாக அக்கா சொன்னாள்.

இவ்வளவும் என் தலைக்குள் ஓடியது, வானொலியில் அவர் வெளிநாட்டுக் கை என்று சொன்ன அந்த நேரத்தில். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். வானொலி இலக்கத்தை அடித்தேன். அந்தப் பெரிய அரசாங்கத்தைக் கவிழ்த்தது யார் என்று எனக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை. சனமாகவும் இருக்கலாம், தூதரகமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். என் அக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அறிவிப்பாளர் தம்பி அவரை இன்னும் விடவில்லை. நேயர்கள் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், நிகழ்ச்சி சூடு பிடித்திருந்தது. என் முறை வந்தது.

“வணக்கம் அக்கா, உங்கட கருத்து?”

“அண்ணை சொன்னது சரி தம்பி” என்றேன்.

“ஓ! அப்ப நீங்களும் வெளிநாட்டுக் கை எண்டுதான் சொல்லுறியள்?”

“அங்கதான் அண்ணை பிழை விட்டவர். கை இல்லை தம்பி. கால்.”

“காலோ? விளங்கேல்லை அக்கா.”

“அண்ணைக்கு விளங்கும். அவர்தான் எனக்குக் கார் ஓடப் பழக்கினவர். அண்ணை, நான்தான். தவிசாளற்ற தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு இன்னும் கலியாணம் நடக்கேல்லை. கனடாவில இருந்து ஒரு பேச்சுக்கால் வந்து குழம்பிப்போச்செண்டு, அதுக்குப் பிறகு வாற இடமெல்லாம் விசாரிச்சுப்போட்டுப் போயிடுறாங்கள். சொல்லுங்கோ அண்ணை, சனம் கேக்கட்டும். ஆர் பின்னால?”

வானொலியில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. மூக்கால் வருகிற மூச்சு. பிறகு டக்கென்று ஒரு சத்தம்.

“அண்ணை? அண்ணை, லைன்ல நிக்கிறியளோ?” என்று தம்பி இரண்டு மூன்று தரம் கேட்டார். “நேயர்களே, அண்ணையின்ர தொடர்பு இடையில நிண்டு போச்சு” என்றார்.

நாய் ஏதும் குறுக்கே போயிருக்கும்.